ஆடுகளத் தொண்டரும் அவர்க்குரிய சிறப்பும்

நன்றி மறவாமை மக்கட் பண்புகளுள் தலையாயது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயினும், யார்க்கு நன்றி செலுத்துதல் வேண்டும் என்னும் வினா எழுங்கால், நம்மவர் பெரும்பாலும் இருவரையே நினைக்கின்றனர். பொருள் வழங்கியவர் ஒருவர். வெற்றி கொண்டவர் மற்றொருவர். இவ்விருவர்க்கும் இடையே நின்று, ஊதியங் கருதாது, ஒரு செயல் இடையறவு படாதவாறு பல்லாண்டு தாங்கி வருபவர் ஒருவர் உளர். அவர் பெரும்பாலார் கண்ணுக்குப் புலப்படுவதில்லை, புலப்பட்டவிடத்தும் போற்றப்படுவதில்லை. ஊர்தோறும் இளைஞர் ஒருங்குகூடி நடத்தும் விளையாட்டுப் பந்தயங்களில் இக்குறை மிகுதியும் காணப்படுகின்றது. ஆதலின், விளையாட்டுத் துறையில் நெடுங்காலம் தொண்டாற்றியோரை நம் முன்னோரும் பின்வந்தோரும் எவ்வாறு சிறப்பித்தனர் என்பதனையும், அச்சிறப்பு யாரை எட்டாது நின்றது என்பதனையும், நமது சங்கத்து அன்பர்கள் ஓர்ந்து பார்க்குமாறு ஈண்டுச் சிறிது எழுதத் துணிந்தோம்.

நாம் வாழும் திருவதிகை, தொண்டின் இயல்பை உலகிற்கு உணர்த்திய பதியாகும். திலகவதியார் வீரட்டானத்துத் திருக்கோயிலில் அலகிட்டு, மெழுகி, பூமாலை தொடுத்துத் தம் வாழ்நாளைக் கழித்தனர் என்பது சேக்கிழார் பெருமான் உரைத்த வரலாறு. அவர்தம் இளவலாகிய திருநாவுக்கரசர் பாவன்மையாற் புகழ் பெற்றவர். எனினும், கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் உழவாரப் படையைக் கைவிடாதவர். இன்றும் தமிழ்நாட்டுச் சிவாலயங்களில் அவர் திருவுருவத்தை உழவாரத்தோடு கூடவே காண்கின்றோம். பாடிய நாவிற்குரிய பெருமையைச் செதுக்கிய கைக்கும் அளித்தனர் பண்டையோர். இவ்வுண்மையை உள்ளத்திற் கொண்டு மேற்செல்வோம்.

சிறந்தாரைக் கல்லெடுத்துப் போற்றுதல் தமிழர்தம் தொல்வழக்கு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என நடுகல் எடுக்கும் முறையினைத் தொல்காப்பியனார் வகுத்துரைத்தனர். தக்கதோர் கல்லைத் தேர்தலும், அதனைக் கொணர்தலும், நீராட்டலும், நாட்டலும், படையலிடலும், வாழ்த்தலும் ஆகிய இவையனைத்தும் ஊரார் ஒன்றுகூடிச் செய்தற்குரியன. கல்லில் அவன் பெயரும் செயலும் பொறிக்கப்பட்டன. ஆதலின், நடுகல் என்பது வழிபாட்டிற்குரியது மட்டுமன்று. ஊரின் நினைவேடும் அதுவே.

இந்நினைவேட்டில் இடம் பெற்றோர் போர்வீரர் மட்டுமல்லர் என்பது வியப்பிற்குரியது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனது 34-ஆம் ஆட்சியாண்டில் எடுக்கப்பட்ட நடுகல் ஒன்று உளது. கால்நடை காக்கும் பொருட்டுப் பூசலில் மடிந்த கருந்தேவக்கத்தி என்பானுக்கு அது நாட்டப்பெற்றது. அவனோடு நின்று கள்வர் இருவரைக் கடித்துக் காவல் புரிந்த நாயின் உருவமும் அக்கல்லிலேயே செதுக்கப்பட்டுள்ளது. ‘கோவிவன்’ என அந்நாயின் பெயரையும் எழுதி வைத்தனர். வளர்த்தவன் புகழில் நாயின் பங்கை மறைக்க அவ்வூரார் மனங் கொள்ளவில்லை.

நம் அயலதாகிய விழுப்புரம் பகுதியைச் சார்ந்த அரசலாபுரத்தில் வேறொரு கல் கண்டெடுக்கப்பட்டது. ஏறக்குறைய 1,500 ஆண்டுகட்கு முற்பட்டது அது. அதன்கண் பொறிக்கப்பட்டிருப்பது ஒரு சேவலின் உருவம். முகையூர் மேற்சேரிக்காகப் போரிட்ட கோழி அது என்பது எழுத்துக்களாற் புலனாகின்றது. செங்கற்பட்டுப் பகுதியில் இந்தளூரிற் கிடைத்த மற்றொரு கல், கீழ்ச்சேரிக் கோழியொன்றின் நினைவாக நிற்கின்றது. மேற்சேரி, கீழ்ச்சேரி என ஊர் இரு பகுதியாய்ப் பிரிந்து பந்தயம் நடத்தியதும், தம் சேரியின் பெயரைக் காத்ததனை மறவாது கல்லெடுத்ததும் இவற்றால் விளங்கும். இக்காலத்து ஊர்க்குழுக்கள் தத்தம் பெயரோடு களம் புகுவதற்கும் இதற்கும் வேற்றுமை மிகுதியில்லை. சேவற்போர் நற்செயலா என்பது வேறு வினா. நினைவு போற்றிய நேர்மையே ஈண்டுக் கொள்ளத்தக்கது.

கல்லெடுத்த காலம் கழிந்து, கிண்ணமும் கேடயமும் வைக்கும் காலம் பின்னர் வந்தது. இப்புதிய வழக்கு நம் நாட்டில் வேரூன்றிய வகையினை அறிதற்குச் சென்னை நகரத்துக் கிரிக்கெட்டு வரலாறு பெரிதும் துணை புரியும். ஆண்டும் பெயரும் தெளிவுற எழுதி வைக்கப்பட்ட வரலாறு அது.

சென்னைக் கிரிக்கெட்டுக் கழகம் 1846-ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஆர்பத்நட்டு என்னும் ஆங்கிலக் கனவானால் தோற்றுவிக்கப்பட்டது. 1860-க்குப் பின் சேப்பாக்கத்து வெளி அதன் களமாயிற்று. அக்கழகம் வெள்ளையர்க்கே உரியதாயிருந்தது. இந்தியர் ஆங்குச் சென்று ஆடிய நாளிலும் களமனையுள் இடம் பெறாது, மரநிழலிற் கூடி உணவுண்ணும் நிலையினரா யிருந்தனர். இந்நிலை ஒருவர் உள்ளத்தைத் தைத்தது. அவரே மோதவரப்பு வேங்கடமகிபதி நாயுடு. உலகம் அவரைப் புச்சி பாபு என்றே அறியும். 1868-ஆம் ஆண்டிற் பிறந்து, மயிலாப்பூர் லஸ் மாளிகையிற் செல்வச் செழிப்பில் வளர்ந்த இவர், 1888-ஆம் ஆண்டில் சென்னை யுனைடெட் கிளப் என்னும் கழகத்தை இந்தியர்க்கென நிறுவினர். மட்டையும் பந்தும் உடையும் விலைகொடுத்து வாங்க இயலாத இளைஞர்க்குத் தம் செலவிலேயே அவற்றை வாங்கித் தந்தனர், ஆட்டமும் பயிற்றினர்.

வெள்ளையரும் இந்தியரும் ஒத்த மதிப்போடு எதிர்நின்று ஆடும் நாள் ஒன்று வருதல் வேண்டும் என்பது புச்சி பாபுவின் நெடுநாள் வேட்கை. பலமுறை முயன்றபின் 1908-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அத்தகைய ஆட்டம் நடைபெறுவதாக ஏற்பாடாயிற்று. அந்தோ! அந்நாள் அணுகிய தறுவாயில் அவர் இயற்கை எய்தினர். இருபது ஆண்டு உழுது பயிரிட்டவர் கதிர் அறுக்குங் காலத்து இலராயினர். ஆயினும் அவர் வித்திட்ட பயிர் பொய்க்கவில்லை. இந்தியர்க்கும் ஐரோப்பியர்க்கும் இடையே நிகழ்ந்த அவ்வாட்டம் 1915-16-ஆம் ஆண்டு முதல் முதல்தர ஆட்டமென மதிக்கப்பெற்று, தைத்திருநாளை ஒட்டி நிகழ்ந்தமையாற் ‘பொங்கல் ஆட்டம்’ எனப் பெயர் பெற்று, 1952 வரை நடந்தது.

புச்சி பாபுவிற்கு அன்பர்கள் செய்த சிறப்பு யாது? அவர் பெயரால் 1909-10-ஆம் ஆண்டில் நினைவுப் பந்தயம் ஒன்றை ஏற்படுத்தினர். முதலில் சென்னைக் குழுக்களே அதில் ஆடின. பின்னர்ப் பிற மாநிலக் குழுக்களும் அழைக்கப்பெற்றன. இடையிற் சில ஆண்டுகள் நின்றிருந்த அப்பந்தயம் 2023-ஆம் ஆண்டில் மீண்டும் தொடங்கப்பெற்றது. நூறாண்டு கடந்தும் இளைஞர் ஒருவர் அப்பெயரைச் சொல்லிக்கொண்டு களம் புகுகின்றனர். அவர்தம் புதல்வர் மூவரும் ஆட்டத்திற் புகழ் பெற்றனர். அவருள் கோட்டா ராமசாமி 1922-ஆம் ஆண்டில் டேவிசு கோப்பை டென்னிசிலும், 1936-ஆம் ஆண்டில் தம் நாற்பதாம் வயதில் இங்கிலாந்து சென்ற கிரிக்கெட்டுக் குழுவிலும் இந்தியாவின் பொருட்டு ஆடினர். ஒருவர்க்குச் செய்யும் சிறப்பு, அவர் விரும்பிய செயலைத் தொடர்ந்து செய்தலே என்பதற்கு இது நல்ல சான்று.

எனினும் ஒரு குறை உண்டு. இச்சிறப்பை அவர் காணவில்லை. நடுகல்லைப்போலவே இதுவும் இறந்தபின் எடுத்ததாயிற்று.

இக்குறை நீங்கிய வரலாறு ஒன்றும் அந்நகரத்திலேயே உளது. செங்கற்பட்டு மாவட்டத்து மொரப்பாக்கத்தில் 1909-ஆம் ஆண்டிற் பிறந்த எம். ஜே. கோபாலன், கிரிக்கெட்டு, ஹாக்கி ஆகிய ஈராட்டங்களிலும் வல்லவர். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நிகழ்ந்தபோது, முதற் பந்தை வீசியவர் இவரே. அவ்வாட்டம் ஒரே நாளில் முடிவுற்றது, ஏ. ஜி. ராம்சிங்கு 35 ஓட்டங்கள் கொடுத்துப் பதினொருவரை வீழ்த்தினர். 1935-ஆம் ஆண்டில் தியான்சந்தின் குழுவோடு கோபாலன் நியூசிலாந்து சென்று ஹாக்கி ஆடினர். மறுவருடம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கிக் குழுவில் இடம்பெறும் வாய்ப்பை விடுத்துக் கிரிக்கெட்டுக் குழுவோடு இங்கிலாந்து சென்றனர். ஹாக்கிக் குழு தங்கப்பதக்கத்தோடு மீண்டது. இவர்க்கோ இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் இடங் கிட்டவில்லை. ஆயினும் இவர் களத்தை வெறுத்து ஒதுங்கினாரில்லை. அலுவலகப் பணியொன்றைச் செய்துகொண்டே சென்னைக் குழுவிற்கு நெடுங்காலம் ஆடினர். பின்னர் ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் பணி புரிந்தனர்.

இத்தகையார்க்குச் சென்னை கிரிக்கெட்டுச் சங்கம் 1952-53-ஆம் ஆண்டில் ஒரு சிறப்புச் செய்தது. சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே ஆடப்பெறும் ஆட்டத்திற்குக் ‘கோபாலன் கோப்பை’ எனப் பெயரிட்டனர். அப்பொழுது அவர்க்கு நாற்பத்துமூன்று வயது. தம் பெயர் தாங்கிய ஆட்டத்தைத் தாமே கண்ணாரக் காணும் பேறு பெற்றனர். 2003-ஆம் ஆண்டு வரை வாழ்ந்து தொண்ணூற்று நான்காம் அகவையில் மறைந்தனர். அக்கோப்பையினால் விளைந்த பயன் அவரோடு நிற்கவில்லை. இலங்கை டெஸ்ட் ஆடும் உரிமையை 1981-ஆம் ஆண்டிலேயே எய்தியது. அதற்கு முற்பட்ட காலமெல்லாம் அந்நாட்டு இளைஞர் தம் ஆற்றலை முதல்தர ஆட்டத்திற் காட்டுதற்கு வாய்த்த சில களங்களுள் இது முதன்மையானது. ஒருவர் தொண்டை மதித்தமையால், கடல்கடந்த நாட்டார்க்கும் வழி திறந்தது.

முன்னர்க் கூறிய ராம்சிங்கு பெற்ற சிறப்போ வேறு வகையினது. ரஞ்சிக் கோப்பையில் ஆயிரம் ஓட்டமும் நூறு விக்கெட்டும் முதன்முதல் எய்திய அவர், தாம் ஆடுதல் ஒழிந்தபின் இளைஞர்க்கு ஆட்டங் கற்பித்தலையே தொழிலாகக் கொண்டனர். இந்தியாவின் பொருட்டு டெஸ்ட் ஆடும் வாய்ப்பு அவர்க்கு வாய்க்கவில்லை. ஆனால் அவர் பயிற்றிய மக்கள் கிருபால்சிங்கும் மில்காசிங்கும் அவ்வாய்ப்பைப் பெற்றனர்; கிருபால்சிங்கு 1955-ஆம் ஆண்டில் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே நூறு ஓட்டம் எடுத்தனர். ஆசிரியர்க்கு மாணவரே நடுகல் என்னும் உண்மையைப் பள்ளித்தொழில் புரியும் எம்போல்வார் நன்கறிவர்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குமின். புரவலராகிய புச்சி பாபுவிற்கு ஒரு பந்தயம். ஆட்டக்காரராகிய கோபாலனுக்கு ஒரு கோப்பை. சங்கத்தை நிருவகித்த எம். ஏ. சிதம்பரம் பெயரைச் சேப்பாக்கத்து அரங்கமே தாங்கி நிற்கின்றது. இவர், சிதம்பரத்தில் 1929-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் நிறுவிய அண்ணாமலை அரசர்தம் புதல்வராதலின், நம் பகுதியார்க்கு இது பெருமை தருவதாம். இச்சிறப்புக்கள் யாவும் தக்கார்க்குத் தக்கனவே. ஆனால், அவ்வரங்கின் புல்லைச் செதுக்கியவர் யார்? உருளை இழுத்தவர் யார்?

சென்னையில் லீக் பந்தயம் 1932-ஆம் ஆண்டிற் தொடங்கிற்று. ஊதியங் கருதா ஆட்டக்காரர் வாரமெல்லாம் அலுவலகத்திற் பணி செய்து, ஓய்வு நாளிற் களம் புகும் ஏற்பாடு அது. அத்தகைய பந்தயம் ஒரு நாள் நடைபெறுதற்கு வேண்டுவன எவையென எண்ணிப் பார்ப்போம். கதிரவன் தோன்றுமுன் ஒருவர் வந்து மண்ணை நனைத்து, உருளை இழுத்துச் சமன் செய்தல் வேண்டும். நெடுங்காலம் பல களங்களில் தென்னைநார்ப் பாயை விரித்து அதன்மேல் ஆடினர்; அப்பாயை நாற்புறமும் இழுத்து ஆணியறைந்து இறுக்குதல் வேண்டும். சிறிது தளர்ந்தாலும் பந்து தாறுமாறாக எழும்பி, ஆடுவோர்க்கு ஊறு விளைக்கும். நடுவர் இருவர் நாள் முழுதும் வெயிலில் நின்று, எவர் முகமும் நோக்காது தீர்ப்புரைத்தல் வேண்டும். கணக்கர் ஒருவர் ஒவ்வொரு பந்தையும் ஏட்டிற் பதிந்து, ஓட்டங்களின் கூட்டுத்தொகை இரு பக்கமும் ஒத்து வருமாறு சரிபார்த்தல் வேண்டும். செயலாளர் ஒருவர் எக்குழு எந்நாளில் எங்கு ஆடும் என அட்டவணை வகுத்து, களத்திற்கு அனுமதி வாங்கி, சந்தா தண்டி, பூசல் எழுந்தவிடத்து இரு திறத்தாரையும் அமைதிப்படுத்துதல் வேண்டும். இவருள் ஒருவர் வாராதொழியின் அன்றைய ஆட்டம் இல்லை. வென்றவர் பெயர் மறுநாள் நாளிதழில் வரும். இவர்கள் பெயர் யாண்டும் வருவதில்லை.

களம் திருத்தும் கையை இழிவாக எண்ணும் மனப்பான்மையும் நம் நாட்டில் நெடுங்காலம் நிலவிற்று. பால்வங்கர் பாலு என்பவர் வரலாறு இதனை நன்கு காட்டும். தாழ்த்தப்பட்ட குலத்திற் பிறந்த அவர், புனா நகரத்தில் ஆடுகளத்தைக் கூட்டியும் உருட்டியும் சிறு கூலி பெற்று வாழ்க்கையைத் தொடங்கினர். ஆங்கிலேயர்க்குப் பயிற்சிக்காகப் பந்தெறிந்து எறிந்தே ஒப்பற்ற பந்துவீச்சாளராயினர். களத்தில் அவர் வீசிய பந்தைத் தொட்டு ஆடியவர்கள், உணவு வேளையில் அவரைத் தனியே வெளியில் இருத்தி மட்கலத்தில் தேநீர் ஈந்தனர். 1911-ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்ற முதல் அனைத்திந்தியக் குழுவில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தித் தலைசிறந்து விளங்கியவர் அவரே. அவ்வளவு செய்தும் இந்துக் குழுவின் தலைமை அவர்க்கு அளிக்கப்படவில்லை. அவர் இளவல் விட்டலுக்கே 1923-ஆம் ஆண்டில் அது கிடைத்தது. உருளை இழுத்தவன் ஒருவனிடத்து எத்துணை ஆற்றல் அடங்கியிருந்தது! அவனை மனிதனாக மதியாமையால் அவமானம் அவனுக்கன்று, மதியாதார்க்கே வந்துற்றது. குலத்தின் பெயராற் கூடியுள்ள நம்போன்ற சங்கத்தார் இவ்வரலாற்றை மறவாதிருத்தல் மிகவும் தகும்.

பிற நாட்டார் இவ்வகையில் யாது செய்கின்றனர் என்பதும் அறியத்தக்கது. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தார், மாவட்டச் சங்கங்களின் வாயிலாக, ஐம்பது ஆண்டு ஊதியமின்றித் தொண்டாற்றியோர்க்கு விருது அளித்து வருகின்றனர். கோல் அடித்தவர்க்கன்று, கோடு கிழித்தவர்க்கும், வலை கட்டியவர்க்கும், கணக்கு வைத்தவர்க்கும் அது உரியது. ஐம்பது ஆண்டு என்பதனை அறிதற்கு, யார் எப்போது பணிபுரிந்தார் என்று எழுதி வைத்த ஏடு வேண்டும். அவ்வேடே சிறப்பின் முதற்படி.

இனி நம் பகுதிக்கு வருவோம். கெடிலக் கரையிலும், பண்ணுருட்டி, கடலூர், சிதம்பரம் ஆகிய ஊர்களின் வெளிகளிலும் சடுகுடு, கால்பந்து, கிரிக்கெட்டு முதலிய ஆட்டங்களில் இளைஞர் கூடுகின்றனர். பொங்கல் வந்தால் பந்தயம் இல்லாத சிற்றூர் அரிது. பரிசளிப்பு விழாவும் நிகழ்கின்றது. மேடையில் வீற்றிருப்போர்க்குப் பொன்னாடை போர்த்தப்படுகின்றது. நாள் முழுதும் ஊதுகுழலோடு ஓடிய நடுவரோ கூட்டத்தின் கடைசியில் நின்று கைதட்டுகின்றார். சடுகுடுக் களத்திற்கு மணல் சலித்துக் கொட்டியவர், விழா முடியுமுன் பந்தல் காலைப் பிடுங்கச் சென்றுவிடுகின்றார். எழுதப்பட்ட ஏடுகளோ ஓரிரு ஆண்டில் பழந்தாள் விலைக்குப் போய்விடுகின்றன.

இதனால் வரும் கேடு சிறிதன்று. பணி செய்தவர் பெரும்பாலும் பொன்னாடையை எதிர்பார்ப்பவரல்லர்; ஆதலின் அவர் வருத்தம் வெளிப்படுவதுமில்லை. ஆனால், அவர் மூத்துத் தளர்ந்த காலை, அவர் இடத்தில் நிற்க இளைஞர் ஒருவரும் முன்வருவதில்லை. மதிப்பில்லாத பணிக்கு மாற்றாள் கிட்டுவது யாங்ஙனம்? பொருள் தருவோர் ஒருவர் போயின் மற்றொருவரை நாடலாம். ஆட்டக்காரர் ஆண்டுதோறும் புதியராய்த் தோன்றுவர். தாங்கி நின்ற ஒருவர் ஓய்ந்தாலோ பந்தயமே ஓய்ந்துவிடும். அங்ஙனம் ஓய்ந்த களத்திற் பிள்ளைகள் ஆடுதற்கு இடமின்றித் தெருவில் நிற்பர்.

ஆகவே, நமது சங்கத்தார் செய்தற்கு எளியன சிலவற்றை விண்ணப்பித்துக் கொள்கின்றோம். முதலாவது, ஒவ்வோர் ஊரிலும் பந்தயம் நடத்துவோர் ஓர் ஏடு தொடங்குக; அதில் வென்றவர் பெயரோடு, நடுவர், கணக்கர், களம் திருத்தியவர், நீர் கொடுத்தவர் பெயரையும் ஆண்டுதோறும் எழுதுக. இரண்டாவது, பத்தாண்டு, இருபதாண்டு எனத் தொண்டாற்றியோரை அவர் உயிரோடு நலமாயிருக்கும்போதே, மேடையின் நடுவே இருத்திச் சிறப்பிக்க. குலமும் செல்வமும் வினவற்க. மூன்றாவது, பெயரளவில் நில்லாது, அவர் பெயரால் சிறுவர் பந்தயம் ஒன்றையேனும் தொடர்ந்து நடத்துக. நான்காவது, அவரிடம் பணி பயில ஓர் இளைஞரை ஒப்படைக்க. நடுவர் ஒருவர்க்குச் செய்யும் மெய்யான சிறப்பு மற்றொரு நடுவரை உண்டாக்குதலே. இவற்றுள் எதற்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு மையெழுதுகோலும் முதலுக்குப் போதும்.

ஒரு சேவலின் பெருமையைக் கல்லில் வெட்டினர் நம் நாட்டார். ஒரு நாயின் பெயரை அதன் தலைவன் பெயரோடு சேர்த்து எழுதினர். உழவாரம் ஏந்திய கையை அதிகையில் வணங்கினர். அவ்வழி வந்த நாம், நம் பிள்ளைகளுக்குக் களம் திருத்தித் தந்த மனிதரின் பெயரை ஒரு தாளிலேனும் எழுதி வைத்தல் வேண்டாமோ? வரும் பொங்கற் பந்தயத்திலேயே அவ்வேடு தொடங்கப்பெறுமாக. ஊதியங் கருதாத் தொண்டர் வாழ்க! அவர் திருத்திய களங்கள் என்றும் ஆரவாரம் குன்றாது விளங்குக!